கைதொட்டு நோய் தீர்க்க முயன்ற மெஸ்மர்

மெஸ்மரிசம் என்னும் சொல்லைக் கேளாதவர் நம்மிடையே மிகச் சிலரே. கொட்டகை அடித்து வித்தை காட்டுவோரின் விளம்பரத் துண்டுகளிலும், மலிவுப் பதிப்பாக வெளிவரும் வசிய நூல்களின் மேலட்டையிலும் அச்சொல் தவறாது இடம்பெறும். சென்ற தவணையில் எனது வகுப்பு மாணாக்கர் ஒருவர் அச்சொல்லின் பகுதி யாது என்று வினவினார். வடசொல்லோ என்பது அவருடைய ஐயம். வடசொல்லும் அன்று, கிரேக்கச் சொல்லும் அன்று, அது ஒரு மனிதனின் பெயர் என்று கூறினேன். அம்மனிதன் நல்லவனா, எத்தனா என்று அடுத்த வினா எழுந்தது. அதற்கு ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. வகுப்பிற் கூற இயலாத விடையை ஈண்டு எழுத முயல்கின்றேன்.

இதனை எழுதுதற்கு வேறொரு காரணமும் உண்டு. யப்பானிலே 1922 ஆம் ஆண்டு மிக்காவோ உசுயி என்பவர் தொடங்கிய ரெய்கி என்னும் முறை இன்று மேலைநாடுகளிற் பரவியிருக்கின்றது. நோயுற்றவர்மீது கையை வைத்து, உயிராற்றலை அவர் உடலிற் பாயச் செய்வதாகக் கூறும் முறை அது. மனிதரோடு நில்லாது நாய், பூனை, குதிரை முதலிய வளர்ப்பு விலங்குகளுக்கும் அதனைச் செய்கின்றனர். விலங்கு அமைதி பெறும்போது அதனை வளர்ப்பவரும் அமைதி பெறுவர் என்பது அவர்தம் கூற்று. கடல் கடந்து வாழும் என் உறவினர் ஒருவர், தமது முதிய நாய்க்கு இதனைச் செய்விக்கலாமா என்று கேட்டு எனக்கு எழுதியிருந்தார். யான் மருத்துவன் அல்லேன். ஆயினும் அவருடைய கடிதத்தைப் படித்தபோது, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவால் ஐரோப்பா முழுவதையும் கலங்கச் செய்த பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் என் நினைவுக்கு வந்தார்.

இளமையும் கல்வியும்

ஜேர்மன் மொழி வழங்கும் சுவாபியா நாட்டிலே, கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையில், இஸ்நாங் என்னும் சிற்றூரில் 1734 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆந் திகதி மெஸ்மர் பிறந்தார். தந்தையார் அப்பகுதி ஆயரின் காடுகளைக் காக்கும் பணியில் இருந்தவர். செல்வம் இல்லாத குடும்பம், பிள்ளைகளோ பலர். ஏரியும் காடும் பறவையும் விலங்கும் சூழ வளர்ந்த அச்சிறுவனைத் துறவியாக்கக் கருதிப் பெற்றோர் இயேசு சபையாரின் கல்விக்கூடத்துக்கு அனுப்பினர். டில்லிங்கனிலும் இங்கொல்ஸ்ரற்றிலும் சமயமும் தத்துவமும் கற்ற அவர், 1759 ஆம் ஆண்டு வியன்னா நகர் சேர்ந்து சட்டம் பயிலத் தொடங்கினார். விரைவில் அதனை விடுத்து மருத்துவத்தை மேற்கொண்டார்.

1766 ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்துக்கென இலத்தீனில் எழுதிய ஆய்வேடு, கோள்கள் மனித உடலை எவ்வாறு தாக்குகின்றன என்பதைப் பற்றியது. நம்மூர்ச் சோதிடரின் கோட்சாரம் போன்றதொன்று என எண்ணிவிடலாகாது. சந்திரன் கடலிலே வற்றுப் பெருக்கை உண்டாக்குவது போல, உடலினுள்ளும் நுண்ணியதோர் ஏற்ற இறக்கத்தை வான்பொருள்கள் உண்டாக்கும் என்பது அதன் பொருள். நியூற்றனின் ஈர்ப்புக் கொள்கை கற்றோர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்த காலம் அது. அவ்வேட்டின் பெரும்பகுதி ரிச்சட் மீட் என்னும் ஆங்கில மருத்துவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டு காட்டினர். வாழ்வின் தொடக்கத்திலேயே இக்குறை அவரிடம் இருந்தது என்பதை மறைத்தற்கில்லை.

1768 ஆம் ஆண்டு செல்வமிக்க கைம்பெண் ஒருவரை அவர் மணந்தார். வியன்னாவிற் பெருமாளிகையும், சிலைகள் நிறைந்த பூங்காவும் அவருக்கு உரியனவாயின. இசையில் அவருக்கிருந்த பற்றுப் பெரிது. பன்னிரண்டு வயதுப் பாலகனாயிருந்த மொசாற் இயற்றிய சிறு இசைநாடகம் ஒன்று அவருடைய பூங்காவிலேயே முதன்முதல் அரங்கேறிற்று என்று மரபாகக் கூறுவர். நீர் தோய்ந்த விரலாற் சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களைத் தொட்டு இசை எழுப்பும் கருவி ஒன்றை மெஸ்மர் விரும்பி வாசித்தார். அக்கருவியை 1761 ஆம் ஆண்டு அமைத்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். இவரை மீண்டும் சந்திப்போம்.

காந்தத்திலிருந்து கைக்கு

1774 ஆம் ஆண்டு எஸ்ரலின் என்னும் இளம்பெண் ஒருத்தி அவரிடம் மருத்துவத்துக்கு வந்தாள். வலிப்பு, வாந்தி, தலைவலி, மயக்கம் எனப் பல துன்பங்கள் அவளை வருத்தின. அக்காலத்து மருந்துகள் யாவும் பயன்படாது போயின. வானியல் அறிஞரான மக்சிமிலியன் ஹெல் என்னும் பாதிரியார் செய்து கொடுத்த காந்தத் துண்டுகளை மெஸ்மர் அவளுடைய உடலிற் பொருத்தினார். அதன்முன் இரும்புச்சத்துக் கலந்த நீரை அவளுக்குப் பருகக் கொடுத்தார். உடலினுள் ஏதோ ஓடுவது போன்ற உணர்ச்சி அவளுக்கு உண்டாயிற்று. துன்பம் சில மணி நேரம் தணிந்தது. பலமுறை செய்தபின் அவள் நலமடைந்தாள்.

காந்தமே நோயைத் தீர்த்தது என்றார் ஹெல். மெஸ்மரோ அதனை ஒப்பவில்லை. காந்தம் இன்றி வெறுங்கையால் தடவியபோதும் அதே பயன் விளைவதை அவர் கண்டார். எனவே, எங்கும் நிறைந்த நுண்ணிய பாய்பொருள் ஒன்று உண்டு, அது தடையின்றி ஓடினால் உடல்நலம், தடைப்பட்டால் நோய், வல்லான் ஒருவன் தன் கையாலேயே அதனைச் செலுத்தித் தடையை நீக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். இரும்பின் காந்தத்தினின்றும் வேறுபடுத்த, உயிர்ப்பொருளுக்குரிய காந்தம் என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். நம்மவர் இதனைப் பிராணி காந்தம் என்று மொழிபெயர்ப்பர்.

இம்மொழிபெயர்ப்பு வியத்தற்குரிய பொருத்தம் உடையது. இலத்தீன் மொழியில் விலங்கைக் குறிக்கும் சொல், மூச்சையும் உயிரையும் குறிக்கும் சொல்லிற் பிறந்தது. பிராணி என்பதும் பிராணனை உடையது என்றே பொருள்படும். இரு நாடுகளிலும் மூச்சினால் உயிருக்குப் பெயரிட்டார்கள். மனிதனுக்கும் மாட்டுக்கும் பறவைக்கும் பொதுவான ஒன்றை மெஸ்மர் தேடினார் என்பது அப்பெயராலேயே விளங்கும். அவருடைய கொள்கையில் மனிதன் மாத்திரம் தனித்து நிற்கவில்லை. உயிருள்ள உடல் யாவும் அதில் அடங்கின.

மறுவருடம் காஸ்னர் என்னும் பாதிரியார் பேயோட்டி நோய் தீர்ப்பதாகப் புகழ்பெற்றிருந்தார். அவரைப் பற்றிய கருத்துரைக்க மெஸ்மர் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். காஸ்னர் ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் அறியாமலே பிராணி காந்தத்தைக் கையாளுகின்றார் என்று மெஸ்மர் கூறினார். பவேரிய அறிவியற் கழகம் மெஸ்மரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பேயை நம்பாது இயற்கையை நம்பியவர் என்ற வகையில் அவரும் அக்காலத்து அறிவொளி இயக்கத்தின் மகனே என்பதை நாம் மறத்தலாகாது.

கண்ணொளி தேடிய இசைச்செல்வி

மெஸ்மரின் வாழ்வைத் திருப்பியவள் மரியா தெரேசியா பரடிஸ் என்னும் பெண். 1759 ஆம் ஆண்டு பிறந்தவள். மழலைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவள். பியானோ வாசிப்பில் அவள் பெற்ற திறமையைக் கண்டு பேரரசி மரியா தெரேசா அவளுக்கு உதவிப்பணம் வழங்கி வந்தார். மின்னதிர்ச்சி முதலிய கொடிய சிகிச்சைகளால் வருந்தியிருந்த அப்பெண்ணை 1777 ஆம் ஆண்டு மெஸ்மர் தமது இல்லத்தில் வைத்து மருத்துவஞ் செய்தார்.

அவளுக்குப் பார்வை ஓரளவு மீண்டது என்று மெஸ்மரும், தொடக்கத்தில் அவள் தந்தையாரும் எழுதி வைத்தனர். நகரத்து மருத்துவர்கள் அதனை மறுத்தனர். இதற்கிடையில் எதிர்பாராததொன்று நிகழ்ந்தது. விரல்கள் ஓடுவதைக் காணத் தொடங்கியதும் அவளுடைய வாசிப்புத் தடுமாறிற்று. குருட்டுத்தன்மை நீங்கினால் பேரரசியின் உதவிப்பணம் நின்றுவிடும் என்ற அச்சமும் பெற்றோருக்கு உண்டாயிற்று என்பர். அவர்கள் வந்து மகளை வலிந்து மீட்டுச் சென்றனர். பூசல் நகரெங்கும் பரவிற்று. பெண்ணோ மீண்டும் குருடியானாள்.

உண்மையில் அவள் என்ன கண்டாள் என்பது அவளோடு போயிற்று. ஆனால் ஒருவரையொருவர் நேசித்த மூன்று தரப்பாரும் அவளுடைய கண்ணில் தத்தமக்கு வேண்டியதையே கண்டார்கள் என்று யான் எண்ணுவதுண்டு. நோயாளியின் நிலையை நோயாளியல்லாத பிறர் கூறும்போது இவ்விடர் எப்பொழுதும் உண்டு. வாயில்லாப் பிராணியாயின் இவ்விடர் இருமடங்காகும். 1778 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெஸ்மர் மனைவியையும் மாளிகையையும் வியன்னாவில் விட்டுப் பாரிஸ் நகர் சென்றார்.

பாரிசிற் பெருவாழ்வு

பாரிஸ் அவரைக் கைகூப்பி வரவேற்றது. மன்னரின் தம்பியாருக்கு மருத்துவராயிருந்த தெஸ்லோன் அவருடைய மாணாக்கரானார். 1779 ஆம் ஆண்டு மெஸ்மர் தமது கொள்கையை இருபத்தேழு கூற்றுக்களாகத் தொகுத்து நூலாக வெளியிட்டார். நோயாளர் கூட்டம் பெருகவே, ஒவ்வொருவராகத் தொட்டு மாளாது என்று கண்டு அவர் ஒரு தொட்டி செய்வித்தார். மரத்தாலான பெருந்தொட்டி, அதனுள் காந்தமூட்டிய நீர் நிறைந்த போத்தல்கள், இரும்புத்தூள், கண்ணாடிப் பொடி. மூடியின் துளைகள் வழியே வளைந்த இரும்புக் கோல்கள் வெளியே நீண்டிருக்கும். நோயாளர் சுற்றி அமர்ந்து, நோயுள்ள இடத்தில் அக்கோலை வைத்துக்கொள்வர். ஒரே கயிறு எல்லாரையும் பிணைத்திருக்கும். மங்கலான ஒளி, திரைச்சீலைகள், மெல்லிய இசை. ஊதாநிறப் பட்டங்கி அணிந்த மெஸ்மர் கையிற் கோலுடன் அவர்களிடையே உலாவி, நோக்கியும் தொட்டும் செல்வார். சிலர் அழுவர், சிலர் நகைப்பர், சிலர் வலிப்புற்று விழுவர். நோய் தீருமுன் இத்தகைய கொந்தளிப்பு வேண்டும் என்பது அவர் கொள்கை. விழுந்தோரைக் கிடத்த மெத்தை வேய்ந்த தனியறை ஒன்றும் இருந்தது.

பணம் கொடுக்க இயலாதோர்க்காக அவர் மரமொன்றைக் காந்தமூட்டினார். அதிற் கயிறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏழைகள் நின்றனர். நம்மூரில் வேப்பமரத்தையும் அரசமரத்தையும் சுற்றி நிற்போரை நினைந்தால் அக்காட்சி நமக்குப் புதிதன்று.

1781 ஆம் ஆண்டு அரசியார் மேரி அந்துவனெத்தின் முயற்சியால் ஆண்டுக்கு இருபதாயிரம் லீவர் உதவிப்பணமும், மருத்துவமனைக்கு மேலும் பத்தாயிரமும் அவருக்குக் கொடுக்க அரசு முன்வந்தது. அரசு நியமிக்கும் சிலர் அவர்தம் முறையைப் பயின்று பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. மெஸ்மர் மறுத்துவிட்டார். தம்மை ஆராய்வோர் கருத்துக்குத் தாம் கட்டுப்படுவதா என்னும் செருக்கே அதன் காரணம். 1783 இல் வழக்கறிஞர் பெர்காஸ் முதலியோர் உலக இசைவுக் கழகம் என்னும் சங்கத்தை அமைத்து, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் நூறு பொன் வாங்கி அவருக்கு அளித்தனர். அமெரிக்க விடுதலைப் போரிற் புகழ்பெற்ற லபாயெத்தும் அதில் ஓர் உறுப்பினர். கற்ற மறைபொருளை வெளியிடுவதில்லை என்று உறுப்பினர் ஆணையிட்டனர். எல்லா உயிர்க்கும் பொதுவென்று தாம் கூறிய ஒன்றை மெஸ்மர் விலைக்கு விற்கவும் பூட்டி வைக்கவும் இசைந்தது அவர் வாழ்வின் பெருங்குற்றம் என்பேன்.

ஆராய்ச்சிக் குழு

1784 ஆம் ஆண்டு மார்ச் மாதம் மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆராய்ச்சிக் குழுவை நியமித்தார். வேதியியலின் தந்தை எனப்படும் லவோசியே, வானியலார் பையி, மருத்துவர் கியோத்தின் ஆகியோர் அதில் இருந்தனர். தலைமை தாங்கியவர் பிரான்சில் அமெரிக்கத் தூதராயிருந்த, எழுபத்தெட்டு வயதான பெஞ்சமின் பிராங்கிளின். மெஸ்மரின் மண்டபத்தில் ஒலித்த கண்ணாடி இசைக்கருவியை அமைத்த அதே மனிதர்தாம்.

மெஸ்மர் குழுவின்முன் வர உடன்படவில்லை. மாணாக்கர் தெஸ்லோனே வந்தார். குழுவினர் நோய் தீர்ந்ததா என்று கேட்கவில்லை; இயற்கையாகவும் நோய் தீரும் அன்றோ. காந்தப் பாய்பொருள் உண்டா என்பதொன்றையே கேட்டனர். பாசி என்னும் ஊரில் பிராங்கிளின் வாழ்ந்த இல்லத்துத் தோட்டத்தில் ஓர் அப்பிரிகொட் மரத்தைத் தெஸ்லோன் காந்தமூட்டினார். பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, காந்தமூட்டாத நான்கு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தழுவச் செய்தனர். முதன்மரத்தில் அவனுக்கு வியர்த்தது. அடுத்ததில் தலை வலித்தது. நான்காவதில் அவன் உணர்விழந்து விழுந்தான். காந்தமூட்டிய மரமோ அங்கிருந்து 24 அடி தொலைவில் நின்றது.

லவோசியேயின் இல்லத்தில் ஒரு பெண்ணுக்குப் பல கிண்ணங்களில் நீர் கொடுத்தார்கள். வெறும் நீருள்ள நான்காவது கிண்ணத்தை வாங்கியதும் அவள் வலிப்புற்றாள். தெளிந்து தாகத்துக்கு நீர் கேட்டபோது, காந்தமூட்டிய கிண்ணத்தையே சொல்லாமற் கொடுத்தனர். அவள் அமைதியாகக் குடித்து நலமாயிருக்கின்றேன் என்ற பாவனையில் அமர்ந்தாள். அறியாதபோது காந்தம் யாதும் செய்யவில்லை. அறிந்ததாக எண்ணியபோது காந்தமின்றியே யாவும் நிகழ்ந்தன. பாய்பொருள் என ஒன்று இல்லை, விளைவு யாவும் கற்பனையின் செயல் என்று குழுவினர் ஓகஸ்ற் மாதத்தில் அறிக்கை வெளியிட்டனர். கண்ணைக் கட்டி உண்மை காணும் இம்முறை, இன்று மருந்துகளைச் சோதிக்கும் முறைகளுக்கு முன்னோடியாகப் போற்றப்படுகின்றது.

அவ்வாண்டின் வசந்தகாலத்திலேயே பரடிஸ் பாரிசுக்கு வந்து இசையரங்குகளில் வாசித்துப் பெரும்புகழ் பெற்றாள். அவள் கண்கள் குருடாகவே இருந்தன. மெஸ்மருக்கு அதைவிடக் கொடிய சாட்சி வேறு வேண்டியதில்லை.

மற்றொரு குழுவில் இருந்த தாவரவியல் அறிஞர் யுஸ்யூ மாத்திரம் ஏனையோரிடமிருந்து வேறுபட்டுத் தனி அறிக்கை எழுதினார். அவரும் காந்தப் பாய்பொருளை நம்பவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கற்பனை என்று தள்ள அவர் மனம் ஒப்பவில்லை. ஓர் உடலின் வெப்பம் தொடுகையினாலும் தடவுதலினாலும் மற்றோர் உடலைச் சேர்ந்து மாறுதல் விளைக்கின்றது, அதனை ஆராய்தல் வேண்டும் என்றார். அன்று அவர் குரலைக் கேட்டவர் சிலரே.

இறுதிக்காலம்

1785 இல் மெஸ்மர் பாரிசை விட்டு நீங்கினார். அதன்பின் நெடுங்காலம் ஊர் ஊராக அலைந்தார். பிரான்சியப் புரட்சியில் அவர் செல்வம் பெரிதும் அழிந்தது. அவரை ஆராய்ந்த பையி 1793 இலும், லவோசியே 1794 இலும் தலை துணிக்கப்பட்டனர். துணித்த பொறியோ, உடனிருந்து ஆராய்ந்த கியோத்தினின் பெயரால் வழங்கிய கில்லற்றின். 1793 இல் வியன்னாவுக்குச் சென்ற மெஸ்மரை அரசியல் ஐயத்தினால் அங்கிருந்தும் வெளியேற்றினர்.

ஈற்றில் அவர் பிறந்த ஏரியின் பக்கமே மீண்டார். சுவிற்சர்லாந்தின் பிரவுன்பெல்ட்டில் எளிய வாழ்வு வாழ்ந்து, வந்த ஏழைகளுக்கு மருத்துவஞ் செய்தார். 1812 இல் பேர்லினிலிருந்து பேராசிரியர் வொல்பார்ட் தேடி வந்து கண்டபோதுதான், மெஸ்மர் இன்னும் உயிரோடிருக்கின்றார் என்பதைப் பலர் அறிந்தனர். 1815 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆந் திகதி, மேர்ஸ்பேர்க் என்னும் ஏரிக்கரை ஊரில், எண்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். பிறந்த இடமும் இறந்த இடமும் ஒரே ஏரியின் கரையிலேயே உள்ளன.

நாற்பது ஆண்டுகளின்பின் கவிஞரும் மருத்துவருமான யுஸ்தினுஸ் கேர்னர் அவ்வூருக்குச் சென்று, மெஸ்மரை அறிந்தவர்களைக் கேட்டு எழுதிய நூல் 1856 இல் வெளிவந்தது. அதிலே ஒரு கனாரிப் பறவையைப் பற்றிய செய்தி உண்டு. மெஸ்மரின் அறையில் திறந்த கூட்டிலே அப்பறவை வாழ்ந்தது. காலைதோறும் பறந்து வந்து கிழவரின் தலைமேல் அமர்ந்து பாடி அவரைத் துயிலெழுப்பும். அவர் உணவருந்தும்போது அருகில் இருக்கும். அவர் கையால் மெல்லத் தடவினால் உறங்கும்; மீண்டும் எதிர்ப்புறமாகத் தடவினால் விழிக்கும். அவர் இறந்த நாளன்று அது பாடவில்லை, இரை தின்னவுமில்லை. சின்னாளில் கூட்டினுள் இறந்து கிடந்தது. இவ்வாறு அவ்வூரார் கேர்னருக்குக் கூறினர்.

விதைத்தது ஒன்று, விளைந்தது ஒன்று

மெஸ்மரின் கொள்கை பொய்த்தது. அவர் கண்ட நிகழ்ச்சிகள் பொய்க்கவில்லை. அவருடைய மாணாக்கரான பியூசெகுர் 1784 இல் விக்ரர் என்னும் உழவனை அமைதியான துயில்நிலைக்கு உட்படுத்தினார். வலிப்பும் கூச்சலும் வேண்டாதவையாயின. கோவாவிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த பாரியா என்னும் துறவி, ஆற்றல் செய்பவனிடம் இல்லை, படுபவனுடைய உள்ளத்திலேயே உண்டு என்று 1813 இல் விளக்கினார். மன்செஸ்ரர் நகரத்து மருத்துவர் பிரெயிட் 1843 இல் அதற்கு அறிதுயில் எனப் பொருள்படும் புதுப்பெயரிட்டு மருத்துவத்திற் சேர்த்தார். வங்காளத்து ஊக்ளியில் எஸ்டெயில் என்னும் மருத்துவர் 1845 முதல் நோயாளரைத் துயிலச் செய்து, பெருங்கட்டிகளை வலியின்றி அறுத்தகற்றினார். உணர்வகற்றும் மருந்துகள் பரவுமுன் அது பெரும்பேறாக விளங்கிற்று.

மனிதரிற் கற்பனையே காரணமாயின், விலங்குகளில் யாது காரணம் என்பது மெஸ்மரைப் பின்பற்றியோர் எழுப்பிய வினா. இலண்டன் மருத்துவர் ஜோன் வில்சன் பூனை, நாய், வாத்து முதலியவற்றில் இம்முறையைச் செய்து பார்த்து 1839 இல் நூலொன்று வெளியிட்டார். இவ்வினா வலியது போலத் தோன்றும். கோழியைத் தரையில் அழுத்திப் பிடித்து அலகின்முன் ஒரு கோடு கிழித்தால் அது அசைவற்றுக் கிடக்கும் என்பதைக் கேர்கெர் என்னும் அறிஞர் 1646 இலேயே எழுதினார். அது காந்தமன்று, பகையின் பிடியில் அகப்பட்ட விலங்கு செத்தது போற் கிடக்கும் இயல்பு.

நோய் தணிந்தது என்பதில் மற்றொரு மறைவு உண்டு. விலங்கினிடம் கற்பனை இல்லையெனினும், அதனைப் பார்த்திருப்பவரிடம் உண்டு. மூட்டுநோயால் நொண்டும் நாய்களுக்கு மருந்தற்ற குளிசை கொடுத்து, அவை அடியெடுத்து வைக்கும் விசையைக் கருவியால் அளந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்று 2012 இல் வெளியாயிற்று. கருவி மாற்றம் காட்டாத நாய்களிலும், வளர்ப்பவர் பலர் நலம் கண்டதாகக் கூறினர். விலங்கு மருத்துவரும் அம்மயக்கத்துக்கு விலக்கானவர் அல்லர். அப்பிரிகொட் மரத்தடியில் விழுந்த சிறுவனின் இடத்தில் ஈண்டு விழுபவர் அன்புள்ள எசமானரே.

எனது சிறுபிராயத்து நிகழ்ச்சி ஒன்றை இவ்விடத்திற் கூறாது விடல் தகாது. மழைக்குப்பின் தளிர்த்த இளம்புல்லை நிரம்ப மேய்ந்து வந்த எங்கள் பசுவுக்கு ஒருநாள் மாலையில் வயிறு ஊதிற்று. அயலிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, நீர் ஓதித் தெளித்து, விலாவைத் தடவிப் பார்வை பார்த்தார். அவர் கைபட்டதும் பசு தலையைத் தாழ்த்தி அமைதியாக நின்றது. அம்மா அதனைக் கண்டு கண்ணீர் வடித்தார். சுகமாகின்றது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மாட்டு வைத்தியரை அழைக்க அப்பா எடுத்த சைக்கிளை மீண்டும் சுவரிற் சார்த்திவிட்டார். விடியுமுன் பசு இறந்தது. அடைபட்ட வாயுவை உரிய நேரத்தில் வெளியேற்றினால் அந்நோயிற் பசு பிழைக்கும் என்பதை யான் பின்னர் அறிந்தேன். பெரியவர்மீது எனக்கு இன்றும் சினமில்லை. அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. அவர் கையால் பசு அமைதி பெற்றது உண்மை. அந்த அமைதியையே சுகமென்று நாங்கள் எண்ணியதுதான் பிழை.

யுஸ்யூ அன்று கேட்ட ஆராய்ச்சியை இன்று பலர் செய்துள்ளனர். குதிரைகள் ஒன்றையொன்று நீவிவிடும் கழுத்தடிப் பகுதியைக் கையால் நீவினால் அதன் இதயத்துடிப்புத் தணிகின்றது என்பதை அளந்து கண்டுள்ளனர். நாயைத் தடவும் மனிதரின் உடலும் இளைப்பாறுகின்றது. இவை தொடுகையின் பயன்கள். ரெய்கிக்காரர் கூறும் ஆற்றலை எக்கருவியும் அளந்து காட்டியதில்லை. அவர் கையின் மென்மையையும் பொறுமையையும் விலங்கு அறியும் என்பதை மறுக்க வேண்டியதுமில்லை.

ஆதலால் என் உறவினருக்கு யான் எழுதிய மறுமொழி சிறியது. முதலில் நாயை விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலியிருந்தால் அதற்கு மருந்து கொடுங்கள். பின்னர் அதன் அருகில் அமர்ந்து நீங்களே கையை வையுங்கள், அதற்குக் கூலிக்கு ஆள் வேண்டியதில்லை என்று எழுதினேன்.

என் மாணாக்கருக்கும் விடை கூறுதல் வேண்டும். மெஸ்மர் எத்தர் அல்லர். தாம் கண்டதை மெய்யென்றே இறுதிவரை நம்பினார். ஆயினும் தம் நம்பிக்கையைப் பிறர் சோதிக்க இடங்கொடாதவர், அதனை விலைப்படுத்தியவர். தொட்டியும் பட்டங்கியும் நூறு பொன்னும் உள்ள மெஸ்மரை அறிவுலகம் தள்ளியது நியாயமே. தலைமேற் பறவை வந்து பாட, காலையில் விழித்தெழுந்த கிழவரை மாத்திரம் என்னால் தள்ள இயலவில்லை.